வயதுக்குச் சாட்சி யார்?

கழுத்திலே நாடா; நாடாவின் நுனியிலே ஓர் அட்டை; அட்டையிலே ஒரு முகம். முகத்துக்குப் பக்கத்தில் பெயர், தந்தை பெயர், படிக்கும் பிரிவு, குருதி வகை. அவற்றோடு ஒரு வரி: பிறந்த நாள். பல்கலைக்கழக மாணவர் அணிந்து திரியும் அடையாள அட்டை இது. வாயிற் காவலர் பார்க்கிறார்; நூலகர் பார்க்கிறார்; தேர்வுக் கூடத்துக் கண்காணிப்பாளர் பார்க்கிறார். முகம் ஒத்திருக்கிறதா என்று நோக்கிவிட்டு உள்ளே விடுகிறார்கள். பிறந்த நாள் என்ற அந்த வரியை நின்று படிப்பார் இல்லை.

நாம் நின்று படிப்போம். அந்தத் தேதியைப் பல்கலைக்கழகத்துக்குச் சொன்னது யார்? பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அதற்குச் சொன்னது யார்? பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பதிவேட்டுக்குச் சொன்னது யார்? பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வந்த தாய், அல்லது தந்தை, அல்லது தாத்தா. அவர்களுக்குச் சொன்னது யார்? நகராட்சியின், ஊராட்சியின் பிறப்புப் பதிவு என்றால் நன்று. பஞ்சாங்கக்காரர் எழுதிய ஜாதகம் என்றால்? 'பெருமழை பெய்த வருஷம்' என்ற நினைவு என்றால்? ஒன்றுமே இல்லை என்றால்?

ஒரு மனிதனுக்கு எத்தனை வயது என்ற கேள்வி எளிய கேள்விபோலத் தோன்றும். எளியதன்று, தோழர்களே! இந்த நாட்டிலே அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது, யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பது ஒரு வரலாறு. பரீட்சை மண்டபத்திலும், பள்ளியறையிலும், ஆலை வாயிலிலும், மணப்பந்தலிலும் நடந்த வரலாறு.

பல்லைப் பார்த்து வயது

இது நமக்கு மட்டும் உரிய தொல்லை என்று எண்ணிவிட வேண்டா. அறிவியலின் தாயகம் எனப் புகழப்படும் இங்கிலாந்தும் இந்தத் தொல்லையில் உழன்றதே. 1538ஆம் ஆண்டு முதல் அங்கே ஊர்தோறும் தேவாலயத்தில் பதிவேடு வைக்கப்பட்டது. ஆனால் அது பிறப்புப் பதிவேடு அன்று, ஞானஸ்நானப் பதிவேடு! குழந்தை எந்நாள் பிறந்தது என்பது பாதிரியாருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. எந்நாள் தண்ணீர் தெளிக்கப்பட்டது என்பதே பெரிதாகத் தோன்றியது. அரசாங்க மதத்தில் சேராதவனுக்கு அந்த ஏட்டில் இடமில்லை. மதத்தின் கதவைத் தட்டினால்தான் பிறந்ததற்குச் சான்று!

இந்த ஓட்டை எங்கே வெளிப்பட்டது? பஞ்சாலையின் வாயிலிலே. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 9 வயது நிரம்பாத பிள்ளைகளை நூற்பாலைகளில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் எதிரே நிற்கும் சிறுவனுக்கு வயது 9 என்பதற்கு என்ன சாட்சி? வறுமை, தாயின் நாவைப் பிடித்து 'ஒன்பது' என்று சொல்ல வைத்தது. இலாபம், முதலாளியின் தலையைப் பிடித்து ஆட்ட வைத்தது. மருத்துவர் வந்து, 'ஒன்பது வயதுப் பிள்ளைக்குரிய உடலும் தோற்றமும் உண்டு' என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றனர். உயரத்தை அளந்தனர். 1837இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், உயரத்தைவிடப் பல் நல்ல சாட்சி என்று நூலே எழுதி நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். மாட்டுச் சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்ப்பது நமக்குத் தெரியும். தொழிற்புரட்சியின் நாட்டிலே ஏழை வீட்டுப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார்கள்!

அதே 1837ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்புப் பதிவு தொடங்கிற்று. தேவாலயத்துக்குப் போகிறவனோ போகாதவனோ, பிறந்தவன் பிறந்தவனே. அவன் பெயர் பொது ஏட்டில் ஏறும். மதத்தின் ஏட்டிலிருந்து மக்களின் ஏட்டுக்கு வயது இடம் பெயர்ந்தது. அந்த ஏடு நிறைந்து, சட்டம் கடுமையாகி, பிள்ளைகள் வளர வளர, பல்லைப் பார்க்கும் தேவை அங்கே குறைந்தது.

நம் நாட்டில் அந்த ஏடு வர எவ்வளவு காலம் ஆயிற்று? அது வரும்வரை வயதுக்குச் சாட்சியாக இங்கே இருந்தது எது?

ஓலையும் ஓலை இல்லாதவரும்

இருந்தது ஜாதகம். பிறந்த நாழிகை, நட்சத்திரம், இராசி, இலக்கினம் யாவும் குறித்த ஓலை. 'பார்த்தீரா, நம் முன்னோர் பிறந்த நேரத்தை நாழிகைக் கணக்கில் எழுதி வைத்தனர்' என்று பழமை விரும்பிகள் பூரிப்பர். பூரிக்கட்டும். நாம் இரண்டே கேள்விகள் கேட்போம்.

முதற் கேள்வி: யாருக்கு எழுதி வைத்தனர்? அக்கிரகாரத்துப் பிள்ளைக்கு எழுதினர். பண்ணையார் வீட்டுப் பிள்ளைக்கு எழுதினர். எழுதுகூலி கொடுக்கக்கூடிய வணிகர் வீட்டுக்கு எழுதினர். வயலிலே நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது இடுப்பு வலி கண்டு, வரப்போரம் பிள்ளை பெற்ற தாயின் குடிசைக்கு எந்தப் பஞ்சாங்கக்காரர் வந்தார்? சேரிக்குள் அவர் கால் பட்டால் தீட்டு. அவர் ஓலை பட்டால் அதற்கும் தீட்டு! அங்கே பிறந்தவனுக்கு நட்சத்திரமும் இல்லை, நாளும் இல்லை. வானத்து மீன்கள்கூட வருணம் பார்த்தே கண் சிமிட்டின போலும்!

இரண்டாம் கேள்வி: எழுதியதாவது உண்மையா? மூல நட்சத்திரத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஒரு மடமை. அந்த மடமைக்கு அஞ்சி மகளின் நட்சத்திரத்தையே மாற்றி எழுதச் சொன்ன தந்தையர் எத்தனை பேர்! பொருத்தத்துக்கு ஏற்ற ஜாதகம் பொருளுக்கு ஏற்றபடி கிடைத்தது. வாங்குபவரின் விருப்பப்படி வளையும் ஓலை எதற்குச் சாட்சி?

ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள். அவை பிறந்த கதையைச் சொல்ல நாணமாக இருக்கிறது, விட்டுவிடுவோம். அறுபது முடிந்தால் மீண்டும் முதலிலிருந்து சுற்றும். 'விரோதி ஆண்டிலே பிறந்தேன்' என்று ஒருவர் சொன்னால் அது 1949ஆ, 2009ஆ? பாட்டனும் பேரனும் ஒரே ஆண்டிலே பிறந்ததாகக் கணக்குக் காட்டும் நாட்காட்டியை வைத்துக்கொண்டு வரலாறு எழுத முடியுமா? தொடர்ந்து செல்லும் ஆண்டுக் கணக்கு வேண்டும் என்று தமிழறிஞர்கள் கூறித் திருவள்ளுவர் ஆண்டு கண்டது வெறும் பெருமைக்காக அன்று, அறிவுக்காக.

பரீட்சையில் வென்றவர், வயதில் தோற்றார்

ஏடு இருந்தவருக்கும் அது எப்படிக் குழியாயிற்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அந்தக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை 1863 டிசம்பரில் எழுதிய இளைஞருள் ஒருவர் சுரேந்திரநாத் பானர்ஜி. அவர் 1848 நவம்பர் 10ஆம் நாள் பிறந்தவர். தேர்வுக்குரிய தாளில் வயது 16 என்று பதிந்தது. நம் நாட்டு வழக்கப்படி அது நடப்பு வயது. பதினைந்து நிரம்பிப் பதினாறு நடக்கிறது என்பது பொருள். எழுதியபோது அதில் ஒரு தீங்கும் தெரியவில்லை.

1868இல் ரொமேஷ் சந்திர தத், பிகாரிலால் குப்தா ஆகியோருடன் அவர் கப்பலேறினார். 1869இல் இலண்டனில் ஐ.சி.எஸ். தேர்வு எழுதினார், மூவரும் தேறினர். பம்பாய்ப் பகுதியைச் சேர்ந்த ஸ்ரீபாத் பாபாஜி தாகூரும் தேறினார். ஆள வந்தவர்கள் நடத்திய பரீட்சையில், அவர்களுடைய நாட்டிலே, அவர்களுடைய மொழியிலே, நம் நாட்டார் நால்வர் தேறினர்! அது எப்படிப் பொறுக்கும்? பல்கலைக்கழகப் பதிவைப் புரட்டினார்கள். '1863 டிசம்பரில் 16 வயது என்றால், இப்போது 21ஐத் தாண்டிவிட்டீர். வயது வரம்பு 21. பெயரை அடிக்கிறோம்' என்றனர் தேர்வு ஆணையர். சுரேந்திரநாத்தின் பெயரும் தாகூரின் பெயரும் பட்டியலிலிருந்து நீங்கின.

எண்ணிப் பாருங்கள். பொய் சொன்னவர் எவரும் இல்லை. 'நடப்பு' என்று எண்ணும் கணக்கு ஒன்று. 'நிரம்பியது' என்று எண்ணும் கணக்கு வேறொன்று. இரண்டுக்கும் இடையிலே இருந்த ஓராண்டுப் பள்ளத்தில் ஓர் இளைஞனின் எதிர்காலம் விழுந்தது. பல்கலைக்கழகத் தாளில் எழுதிய ஒரே ஓர் எண், ஆறாயிரம் கல் கடந்து வந்து அவர் கழுத்தைப் பிடித்தது.

சுரேந்திரநாத் ஓய்ந்துவிடவில்லை. இலண்டன் குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். இந்தியர் வயதை எண்ணும் முறை இன்னது என்று எடுத்துக் காட்டப்பட்டது. நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. பெயர்கள் மீண்டும் ஏறின. 1871இல் அவர் பணியேற்றார். பின்னர் 1874இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, ஆசிரியராகி, அரசியல்வாதியானார் என்பதெல்லாம் நாடறிந்த செய்தி. ஐ.சி.எஸ். தேர்வின் வயது வரம்பை 21இலிருந்து 19ஆகக் குறைத்தபோது, இந்திய இளைஞன் கடல் கடந்து வந்து எழுத முடியாதபடி கதவை மூடும் சூழ்ச்சி இது என்று ஊர் ஊராகச் சென்று முழங்கியவரும் அவரே. வயது என்னும் எண்ணால் ஒருமுறை அடிபட்டவர். அந்த எண்ணுக்குள்ளே ஒளிந்திருக்கும் ஆயுதத்தை அறிந்தவர்!

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவருடைய தந்தை மருத்துவர். குடும்பம் குலீனப் பார்ப்பனக் குடும்பம். வழக்காட வழி இருந்தது. அவருக்கு இருந்த தொல்லை, ஏட்டிலே எழுதியதற்கு எது பொருள் என்பது. ஏடே இல்லாதவருக்கு இருந்த தொல்லை வேறு. அது வேலையோடு நிற்கவில்லை, உயிரையே குடித்தது.

பத்துக்கு இப்பாலா, அப்பாலா?

அதே கல்கத்தா. இருபது ஆண்டுகள் கழித்து, 1889ஆம் ஆண்டு. புல்மோனி தாசி என்ற சிறுமி. அவளுக்கு மணமாகியிருந்தது! கணவன் ஹரி மோகன் மைத்தி, ஏறத்தாழ அவளைப்போல் மூன்று மடங்கு வயதினன். அவன் அவளைக் கூடியதால் ஏற்பட்ட காயத்தில் குருதி பெருகி அவள் இறந்தாள். நீதிமன்றத்தில் எழுந்த முதற் கேள்வி என்ன? 'இவளுக்கு வயது என்ன?' என்பதே. அன்றைய தண்டனைச் சட்டப்படி, மனைவிக்குப் பத்து வயது நிரம்பாதிருந்தால் மட்டுமே கணவனின் செயல் வன்புணர்ச்சிக் குற்றம். புல்மோனி பத்தைத் தாண்டியவள் என்று கொள்ளப்பட்டது. வன்புணர்ச்சிக் குற்றம் போயிற்று. கண்மூடித்தனமாகக் கொடுங்காயம் விளைவித்தான் என்ற குற்றத்துக்காக 1890இல் அவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல்! ஒரு சிறுமியின் உயிருக்கு விலை ஓராண்டு!

இதன் எதிரொலியாக வந்ததே 1891ஆம் ஆண்டின் இசைவு வயதுச் சட்டம். பத்து என்பதைப் பன்னிரண்டாக்கிற்று; அவ்வளவே. அதற்கே வைதிகம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தது. சாத்திரம் சாய்ந்தது என்றனர். தருமம் தொலைந்தது என்றனர். திலகர் போன்றோர்கூட, அந்நியன் நம் வீட்டு வழக்கத்தில் கை வைக்கலாமா என்று எதிர்த்தனர். எதிர்த்தவர் எடுத்து வீசிய வாதங்களில் ஒன்று இது: 'இந்நாட்டில் எந்தப் பெண்ணின் வயதுக்குச் சான்று இருக்கிறது? எப்படி மெய்ப்பிப்பீர்?'

கவனியுங்கள், தோழர்களே! வயது தெரியாமை என்பது வெறும் அறியாமை அன்று. சிலருக்கு அது அரண். மகளின் வயது எழுதப்படாதவரை மணம் முடிப்பவனைக் கேட்பார் இல்லை. ஏடு இல்லாத இருட்டிலேதான் குழந்தை மணம் செழித்தது. ஆகவேதான் சீர்திருத்தம் கேட்டவர்கள் சட்டத்தோடு நிற்காமல் பதிவேட்டையும் கேட்டார்கள்.

1886இல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுக்கு ஒரு சட்டம் வந்தது. விரும்பியவர் பதியலாம் என்ற அளவில். சென்னை மாகாணத்துக்கு 1899இல் தனிச் சட்டம் வந்தது. கிராமத்திலே அந்தப் பதிவேடு கிராம அதிகாரியிடம் இருந்தது. சேரியிலே பிறந்த செய்தி அவருடைய திண்ணையைப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தாலும் அவர் எழுத வேண்டும். எழுதினாலும் பெயர் இராது. 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்பதோடு முடியும். அந்தக் குழந்தை நான்தான் என்று இருபதாண்டுக்குப் பின் எவர் வந்து மெய்ப்பிப்பது?

1928இல் அமைந்த இசைவு வயதுக் குழு, சர் மோரோபந்த் ஜோஷியின் தலைமையில் நாடெங்கும் சுற்றிச் சாட்சியம் கேட்டது. நீதிக்கட்சியின் ஆற்காடு இராமசாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். திருமண வயதை உயர்த்துவதோடு, பிறப்பையும் திருமணத்தையும் ஒழுங்காகப் பதிய வேண்டும் என்றும் அக்குழு வலியுறுத்தியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சவுந்தரபாண்டியனார் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணின் மண வயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதே ஆண்டு நிறைவேறி 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டமோ பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றது. செங்கல்பட்டுப் பந்தலில் பெரியாரின் தோழர்கள் எட்டிய இடத்துக்குத் தில்லிச் சட்டசபையால் எட்ட முடியவில்லை. அந்தப் பதினான்கையும் பொறாமல், சட்டம் வருமுன் முடித்துவிடுவோம் என்று பச்சிளங் குழந்தைகளுக்கெல்லாம் அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள் என்பதை 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு காட்டிக் கொடுக்கிறது. சட்டத்தை ஏமாற்ற நாளைப் பார்த்து ஓடியவர்களே, பிள்ளையின் நாள் தெரியாது என்று சாதித்தவர்கள்!

காதைத் தொட்டால் வயது ஐந்து

சட்டம் எட்டாத இடத்திலே பள்ளிக்கூடம் எட்டியது. நம் தாத்தாமாரைக் கேளுங்கள். பள்ளியில் சேர்ந்த கதையைச் சொல்வார்கள். வலக் கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக் காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது, உள்ளே வா! தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வா! இங்கிலாந்திலே பல் சாட்சி. இங்கே கையும் காதும் சாட்சி. நல்ல ஊட்டம் கிடைத்த பிள்ளைக்குக் கை எட்டியது. கூழும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு எட்டவில்லை. பசி அவன் வயதையும் தின்றது! கல்வி அவனுக்கே முதலில் வேண்டும். அவனையே ஓராண்டு வெளியே நிறுத்தியது அந்த அளவுகோல்.

ஆயினும் அந்த வாசலைத் தாண்டியவனுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து, அதுவரை நாளில்லாதவனுக்கு ஒரு நாளைக் கொடுத்தார். பள்ளி திறப்பது ஜூன். ஐந்து நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே மே அல்லது ஜூன் மாதத்தில் ஒரு தேதி. என் தந்தையின் பிறந்த நாள் ஜூன் முதல் நாள். அவரோடு ஒரே ஆண்டில் சேர்ந்த தெருப் பிள்ளைகள் பலருக்கும் ஜூன் முதல் நாள். 'ஒரே நாளில் இத்தனை பேரையும் எப்படி அப்பா பெற்றார்கள்?' என்று சிறுவனாக இருந்தபோது கேட்டேன். 'எங்களைப் பெத்தது அம்மா. பிறந்த நாளைப் பெத்தது வாத்தியார்' என்றார். நான் இன்று அதே வாத்தியார் நாற்காலியில் அமர்ந்து சேர்க்கைப் பதிவேட்டை நிரப்பும்போதெல்லாம் அந்தச் சொல் காதில் விழுகிறது.

அந்தக் கற்பனைத் தேதியை ஏளனம் செய்யாதீர்கள். கோள் பார்த்து எழுதிய ஜாதகம் அவனுக்குக் கொடுக்காததை, குத்துமதிப்பாக எழுதிய அந்தத் தேதி கொடுத்தது. அதை வைத்துத்தான் அவன் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பெற்றான், கல்லூரியில் சேர்ந்தான், அடையாள அட்டை பெற்றான், வேலைக்கு மனுச் செய்தான். 1989இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆக இறங்கியபோது, 'எனக்கு 18' என்று நிமிர்ந்து சொல்லி வாக்காளர் பட்டியலில் ஏறினான்.

பள்ளிக்கே போகாதவள் என் அப்பத்தா. முதியோர் உதவித்தொகைக்குச் சென்றபோது ஓர் அலுவலகத்தில், 'வயதுக்கு என்ன ஆதாரம்?' என்றார்கள். 'தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலப்போ நான் மாடு மேய்ச்சுக்கிட்டிருந்தேன் சாமி' என்றார். அது 1964 டிசம்பர். வரலாற்று மாணவனுக்கு அது நல்ல ஆதாரம். அலுவலகத்துக்கு அது ஆதாரம் அன்று. முடிவில் துணைக்கு வந்தது வாக்காளர் அட்டை. அதிலிருந்த வயதோ, என்றோ பட்டியல் எடுக்க வந்தவர் முகத்தைப் பார்த்து எழுதியது! பல்லைப் பார்த்தனர், கையைப் பார்த்தனர், முகத்தைப் பார்த்தனர். மனிதரைப் பார்க்க எத்தனை காலம்!

ஓலை தோற்றது, ஏடு வென்றது

1969இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்து, பிறப்பைப் பதிவது நாடெங்கும் கட்டாயமாயிற்று. நீதிமன்றங்களும் மெல்ல மெல்லச் சாட்சிகளைத் தரம் பிரித்தன. பள்ளிப் பதிவேட்டில் தேதி இருக்கிறது என்பது மட்டும் போதாது. அதைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்பதும் வேண்டும் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் ஒரு தேர்தல் வழக்கிலே கூறியது. ஜாதகம் வயதை மெய்ப்பிக்க மிகவும் வலுவற்ற சான்று என்று 2005இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் மேடைதோறும் சொன்னதை நீதிபதிகள் தீர்ப்பிலே எழுதினார்கள்! சிறார் நீதிச் சட்டம் 2015, பள்ளிச் சான்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் முதலில் வைத்தது. அவை இல்லையேல் உள்ளாட்சி மன்றத்தின் பிறப்புச் சான்று. அதுவும் இல்லையேல்தான் எலும்பைப் பார்க்கும் மருத்துவச் சோதனை. ஜாதகத்துக்கு அந்த வரிசையிலே இடமே இல்லை. ஆதார் அட்டையும் பிறந்த நாளுக்குச் சான்று ஆகாது, பள்ளி விடுப்புச் சான்றே மேல் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உரைத்தது.

இத்தனைக்குப் பிறகும் குழப்பம் ஓய்ந்ததா? 2012இல் நாட்டின் தரைப்படைத் தலைவராக இருந்த வி. கே. சிங், தாம் பிறந்தது 1951 என்று பள்ளிச் சான்று சொல்ல, 1950 என்று படைத்துறை ஏடு சொல்ல, உச்ச நீதிமன்றம் வரை சென்றார். வழக்கைத் திரும்பப் பெற்று, 1950 என்ற கணக்கின்படியே ஓய்வு பெற்றார். சுரேந்திரநாத் இலண்டனில் வழக்காடி 143 ஆண்டுகள் கடந்த பின்னும் அதே ஓராண்டு வழக்கு! படைத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் படியேறலாம். கட்டட வேலைக்காரனின் மனைவி எந்தப் படியேறுவாள்?

இங்கேதான் இன்றைய நமது பணி தொடங்குகிறது. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளும் அதன் பின்னும் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, கடவுச்சீட்டு என யாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் ஆதாரம். ஓலையை ஒழித்துப் பொது ஏட்டை நிலைநாட்டிய அளவில் இதை வரவேற்போம். ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். செங்கற் சூளையிலே பிறந்த குழந்தை, பிழைப்பு தேடிப் பெயர்ந்து செல்லும் வழியிலே பிறந்த குழந்தை, மலையூரிலே மருத்துவமனை காணாமல் பிறந்த குழந்தை, இவர்களுடைய சான்றிதழ் எங்கே? ஒரே சாவி என்று ஆன பிறகு, சாவி இல்லாதவனுக்கு எல்லாக் கதவும் அடைபடும். அன்று ஜாதகம் இல்லாதவன் வெளியே நின்றான். இன்று சான்றிதழ் இல்லாதவன் வெளியே நிற்பதற்கா நாம் ஏட்டைக் கேட்டோம்?

ஆகவே ஒன்றை நினைவில் எழுதிக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 14ஆம் பிரிவு: வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கலாகாது. மறுப்பவர் யாராயினும் இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுங்கள். ஏடு மனிதனுக்காக, மனிதன் ஏட்டுக்காக அல்லன்.

பள்ளிச் சான்றின் பயனையும் மறவாதீர். இன்றும் நம் ஊர்களில் பதினைந்து வயதுச் சிறுமிக்கு மணம் பேசி, 'பதினெட்டு ஆயிற்று' என்று சாதிக்கிறவர்கள் உண்டு. அதிகாரிகள் வந்து கேட்கும்போது அவளைக் காப்பது எது? ஆசிரியர் எழுதி வைத்த ஒரு வரி. புல்மோனிக்கு இல்லாத அந்த ஒரு வரி! அவளுக்கு எழுதிக் கொடுக்க அன்று பள்ளியும் இல்லை, ஏடும் இல்லை. இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு இருக்கிறது. அது அவள் கையிலேயே இருக்கட்டும். அதிலே எழுதியிருப்பது என்ன என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இளைஞர்களே! விடுமுறையில் உங்கள் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் தெருவோடு நின்றுவிடாமல் ஊரின் கடைசித் தெருவுக்குப் போங்கள். எந்தக் குழந்தையின் பிறப்பு பதியப்படவில்லை என்று கேளுங்கள். பெயர் எழுதாத சான்றிதழ் எவரிடம் இருக்கிறது என்று பாருங்கள். தாயை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்து செல்லுங்கள். அரை நாள் வேலை. ஓர் உயிருக்கு ஆயுள் முழுவதும் அரண்.

கழுத்திலே தொங்கும் அட்டையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பிறந்த நாள் என்ற அந்த வரி கோள்கள் எழுதியதன்று, சோதிடர் எழுதியதன்று. பள்ளி வாசலில் ஒரு தாய் சொல்ல, ஓர் ஆசிரியர் எழுதியது. அந்த வரி உங்களுக்குக் கிடைத்துவிட்டது. கிடைக்காதவர் ஒருவரும் இல்லை என்ற நாள் வரும்வரை அந்தப் பேனாவை மூடாதீர்!